எண்பத்திரண்டுக்கு மேல்

எண்பது வரைக்கும் சொன்ன பேச்சுக் கேட்கும்.
எண்பத்தொன்றில் ஒரு சிணுங்கல்.
எண்பத்திரண்டைத் தொட்டால்
மாட்டேன் மாட்டேன் என்று
தலையாட்டத் தொடங்கிவிடும் என் வண்டி.

ஓமலூர் தாண்டி, கருப்பூருக்கு முன்,
நேராகக் கிடக்கும் அந்தச் சாலையில்தான் எப்போதும்.
தூரத்தில் வெள்ளைக்கல் வெட்டிய குன்று
வெயிலில் கண்ணைக் கூசும்.
கேரியரில் கட்டிய ஐஸ் பெட்டிக்குள்
மேச்சேரியின் இரத்தம், தொளசம்பட்டியின் இரத்தம்,
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்,
தாரமங்கலத்தில் ஒரு கர்ப்பிணி
சுவரைப் பார்த்துக்கொண்டே கொடுத்த மூன்று மில்லி.
பதினொன்றுக்குள் ஐந்து ரோடு லேபில் இருக்கவேண்டும்.
குலுங்கவும் கூடாது.
குலுக்கிய இரத்தம் பொய் சொல்லும்.
இல்லாத நோயை இருக்கிறது என்று காட்டும்.

கொண்டலாம்பட்டியில் முன்டயரை மாற்றச் சொன்னார்கள்.
மாற்றினேன்.
குகையில் வீல் பெண்டு எடுத்தார்கள்.
எடுத்தவர் சிரித்தார்:
"ஆடி மாசம், வண்டியும் ஆடுதுங்க."
அன்னதானப்பட்டியில் ஒருவர்
வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து
"பொம்பளப்புள்ள எண்பதுல ஏங்க போகணும்?" என்றார்.
காசு வாங்காத ஒரே மெக்கானிக் அவர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
ஒரு கண்டெய்னர் லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்தது.
கிழிந்த இடத்தில் நான்.
முள் தொண்ணூறில்.
ஹேண்டில்பார் இடமும் வலமும் அடித்துக்கொண்டது.
இறுக்கிப் பிடித்தேன்.
இறுக்க இறுக்க
ஆட்டம் மணிக்கட்டுக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது,
பல்லுக்கு ஏறியது.
கண்ணாடியில் வானம், தார், வானம், தார்.
பிரேக்கை நோக்கி நீண்ட விரலை
எப்படி மடக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

தினம் முப்பது பேரிடம் நான் சொல்வது இது:
முஷ்டியை மடக்குங்க.
ஊசி உள்ளே போனதும் சொல்வது:
இப்ப விட்டுடுங்க.

விட்டேன்.
விரல்கள் பிடியின்மேல் இருந்தன, பிடித்திருக்கவில்லை.
முழங்கால் இரண்டாலும் டேங்கை அணைத்து
நெஞ்சை முன்னால் சாய்த்து
ஆக்சிலேட்டரை மட்டும்
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல்
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
வண்டி மறுத்தது. மறுபடி மறுத்தது.
எழுபத்தைந்தில் யோசித்தது.
அறுபதில் ஒத்துக்கொண்டது.

ஓரங்கட்டி நின்றேன்.
கொய்யாப்பழம் விற்றவர் "பஞ்சரா?" என்றார்.
இல்லீங்க என்றேன்.
வேறு சொல் வரவில்லை.
அரைக் கிலோ வாங்கினேன், எதற்கென்று தெரியாமல்.

லேபில் ஹெப்சிபா டியூப்களைச் சுழலவிட்டு எடுத்து
ஒவ்வொன்றாய் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
மேலே மஞ்சளாய்த் தெளியவேண்டிய நீர்
நான்கில் ரோஸ் நிறம்.
"இன்னிக்கும் ஆடுச்சா?"
"தாரமங்கலம்?"
"அது தப்பிச்சிருச்சு."

சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையில் முனவர்
டயரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி
ஒற்றை விரலால் ஹேண்டிலைத் திருப்பினார்.
நடுவில் வந்து அது டக்கென்று உட்கார்ந்தது,
பழகிய நாற்காலியில் உட்காருவதுபோல்.
"பால்ரேஸ் போச்சுங்க.
நேராவே ஓட்டி ஓட்டி
நேர்லயே குழி விழுந்திருக்கு."
பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்
அதையும் நாலு விரக்கடை முன்னால் தள்ளிக் கட்டினார்.
அறுநூற்று நாற்பது ரூபாய்.

இப்போது தொண்ணூறிலும் ஆடுவதில்லை.
எண்பத்திரண்டு வந்தால்
விரல்கள் மட்டும் தாமாக விடுகின்றன.

கெட்டுப்போன நாலு பேர் வீட்டுக்கும் மறுபடி போனேன்.
மேச்சேரிக்காரர் கதவைப் பாதி திறந்து கேட்டார்:
"போனவாட்டி எடுத்தது என்னாச்சு?"
ஆடிருச்சுங்க.
சரி என்றா, இல்லை என்றா,
எந்தப் பக்கமும் சேராமல் தலையை ஆட்டினார்.
பிறகு சட்டைக் கையைச் சுருட்டி
நான் சொல்லுமுன்பே
முஷ்டியை மடக்கிக்கொண்டார்.